கெட்டில் ஏரியில் பொய்மீன்

லெம்பியின் பொய்மீன் எதிலோ தட்டியது.

தட்டியிருக்கக் கூடாது. தோணி அப்போது ஏரியின் நட்டநடுவில் போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தில் அந்த இடம் கருநீலமாக, இருபது ஆள் ஆழம் என்று இருந்தது. தூண்டில் நரம்பின் நுனியில், மீனை ஏமாற்றிக் கடிக்கவைக்க அவள் கட்டியிருந்ததோ மூக்குக்கு முன்னால் குட்டைத் தகடு வைத்த மரமீன். அந்தத் தகடுதான் தண்ணீரை வெட்டிக்கொண்டு மீனைக் கீழே இறக்கும். தகடு நீளமானால் ஆழத்துக்குப் போகும், குட்டையானால் மேலேயே ஓடும். இதை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே போகாது. ஆனாலும் தூண்டில் கம்பு வழியாக அந்த உணர்வு அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. டக். கொஞ்சம் விட்டு, டக், டக். பாறையில் உரசினால் கரகரவென்று இருக்கும், மூழ்கிய மரக்கிளையில் பட்டால் இழுத்துப் பிடிக்கும், மீன் கடித்தால் கம்பு வளையும். இது இவற்றில் எதுவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவர் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ரெய்னோ, இங்க அடியில மேடு ஏதாவது இருக்கா?"

பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த தம்பி சிரித்தான். "மேடா? நீ சுடுற ரை ரொட்டியக் கட்டிப் போட்டாக்கூட தரைக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகும்க்கா இங்க."

"அப்ப இது எதுல தட்டுது?"

"உன் கை நடுங்குது. வயசாச்சுல்ல."

"வாய மூடிக்கிட்டுத் துடுப்பப் போடுடா."

அவன் இன்னும் சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டான். லெம்பி ரீலைச் சுற்றி நரம்பை இழுத்தாள். பொய்மீன் இடமும் வலமுமாக ஆடியபடி, அடிபட்ட குஞ்சுமீன் தடுமாறி நீந்துவதுபோல், தேநீர் நிறத் தண்ணீரிலிருந்து மேலே வந்தது. கொக்கிகளில் பாசி இல்லை. வண்ணப்பூச்சில் கீறல் இல்லை. செப்டம்பர் கடைசி. துடுப்பிலிருந்து வழியும் தண்ணீர் பட்டாலே விரல் மரத்துப்போகும் குளிர். அவள் பொய்மீனைப் பிடித்து ஈரத்தைத் துடைத்தாள்.

அது வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வெகுநேரம் கைக்குள் மூடி வைத்திருந்து இப்போதுதான் திருப்பிக் கொடுத்ததுபோல.

அவள் அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. வயதாகிவிட்டது என்று மறுபடியும் சொல்வான்.

லெம்பிக்கு, வடக்கே ஏரிக்காடுகளை ஒட்டிய ஈலி ஊரில் ரொட்டிக்கடை. ரெய்னோ சுரங்க லாரிகளுக்கு மெக்கானிக். அதோடு மாவட்டத்தின் மீட்புக் குழுவில் தொண்டன். ஏரியில் யாராவது கவிழ்ந்தாலும், காட்டில் யாராவது வழி தவறினாலும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவன். கோடைக்கால உல்லாசப் பயணிகளெல்லாம் திரும்பிப் போனபிறகு, பனி விழுவதற்கு முன்னால், அக்காவும் தம்பியும் தோணியில் கிளம்பிவிடுவது வழக்கம். ஏரிக்கு ஏரி தோணியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு காட்டுப்பாதையில் நடப்பார்கள். இந்த வருடம் யாருமே போகாத ஏரி ஒன்று வேண்டும் என்று ரெய்னோ பிடிவாதம் பிடித்தான். கெட்டில் ஏரிக்குப் போகும் பாதை முழங்கால் வரை சேறும் சாய்ந்த மரங்களுமாகக் கிடந்தது. அதுதான் யாரும் போகாததற்குக் காரணம் என்று இருவரும் நினைத்தார்கள்.

சுமந்து போகிற பயணம் என்பதால் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிப் பொய்மீன்தான் என்று லெம்பி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதற்காகக் கிளம்புவதற்கு முந்தைய நாள் சமையலறை மேசையில் பெரிய சண்டையே நடந்தது. ரெய்னோவுக்கு நிறம்தான் எல்லாம். கலங்கின தண்ணீருக்குக் கண்ணைப் பறிக்கிற பச்சையும் ஆரஞ்சும் வேண்டும், வயிற்றுக்குள் குண்டுமணி போட்டுக் கிலுகிலுவென்று சத்தம் போடுவது வேண்டும் என்பான். லெம்பி ஆழத்தையும் வேகத்தையும் நம்புகிறவள். குளிர்ந்த தண்ணீரில் மீன் சோம்பலாகக் கிடக்கும். மெதுவாக இழு, நிறுத்து, மறுபடி இழு, நிறுத்துகிற அந்த நொடியில்தான் கடிக்கும் என்பாள். அப்படியும் கடிக்காவிட்டால் சிறியதாகக் கட்ட வேண்டும். கடைசியில் இருவர் பெட்டியிலும் எல்லா வகையும் கொஞ்சம் இருந்தது.

அந்தச் சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டிப் பார்த்தார்கள். நீளத் தகடு, குட்டைத் தகடு, மரம், பிளாஸ்டிக், சத்தம் போடுவது, போடாதது. ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. வருடக்கணக்கில் யாருமே தூண்டில் போடாத ஏரியில் பைக் என்கிற கூர்பல் மீன்கள் பாய்ந்து பாய்ந்து கடித்திருக்க வேண்டும். ஏரியில் இருந்த சின்னத் தீவில் கூடாரம் போட்டு, காட்டரிசியும் புகையிட்ட சாசேஜும் வேகவைத்துத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் லெம்பிக்கு இன்னொன்று உறைத்தது. முங்கி மீன் பிடிக்கிற லூன் பறவை ஒன்றுகூட இல்லை. கடற்காகம் இல்லை. தண்ணீரின் மேல் வட்டமாக விரிகிற ஒரு மீன்குமிழிகூட இல்லை. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் தண்ணீரைத் தாண்டிப் போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. அவ்வளவு அமைதி.

"இந்த ஏரி செத்த ஏரிடா," என்றாள்.

"நாளைக்குப் பாரு. மீனெல்லாம் பொய்மீன வாயில கவ்விக்கிட்டுத் தானே தோணிக்குள்ள குதிக்கும்."

மறுநாள் மத்தியானம் வரை ஒன்றும் குதிக்கவில்லை. வானம் சாம்பல் நிறமாகக் கீழே இறங்கியிருந்தது. லெம்பி கரைப்பாறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ரெய்னோ கையிலிருந்த ஏலக்காய் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா. அங்க பாரு."

கிழக்குக் கரையை ஒட்டி, பாதித் தண்ணீர் நிரம்பிச் சாய்ந்து கிடந்த அலுமினியத் தோணி ஒன்று. அதன் பக்கத்தில் தண்ணீரில் ஓர் ஆள். தலையும் தோளும் தெரிந்தன. ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

ரெய்னோ ஏற்கெனவே எழுந்துவிட்டான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டினான். அவசரத்துக்கு உதவி கேட்கும் செயற்கைக்கோள் கருவி அந்த ஜாக்கெட்டின் பையில்தான் இருந்தது.

"இருடா. எங்கிருந்து வந்தான் இவன்? நேத்து பூரா ஏரியச் சுத்தினோம்ல. பாதையில ஒரு காலடித் தடம்கூட இல்ல."

"வேற பக்கமா வந்திருப்பான்."

"வேற பக்கம் ஏதுடா?"

"அக்கா, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு. அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டான். வழிய விடு."

லெம்பி எதிர்க்கரையையே பார்த்தாள். அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. இடம், வலம், இடம், வலம். சாகப் போகிற மனிதனின் கை அப்படி ஆடாது. தவித்து அடிக்கும், விழும், மறுபடி எழும். இது ஒரே அளவில், ஒரே வேகத்தில் ஆடியது. தண்ணீர் தெறிக்கவில்லை. காற்றே இல்லாத அந்த ஏரியில் ஒரு சத்தமும் வரவில்லை. முழுகுகிறவன் ஏன் கத்தவில்லை?

அவள் அதை நினைத்த மறுகணமே குரல் வந்தது. "ஹெல்ப்." அதே அளவு இடைவெளி விட்டு மறுபடியும், "ஹெல்ப்."

அவள் தம்பியின் கையைப் பிடித்தாள். "போகாத. எனக்கு என்னமோ சரியாப் படல. சொன்னாக் கேளு."

ரெய்னோ அவளை ஆச்சரியத்தோடு பார்த்தான். அவன் பிறந்த வருடம் படுக்கையில் விழுந்த அம்மா அப்புறம் எழவேயில்லை. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் லெம்பிதான். அவள் சொல்லி அவன் கேட்காமல் இருந்தது குறைவு. ஆனால் தண்ணீரில் ஒருவன் கை தூக்கி நிற்கும்போது பார்த்துக்கொண்டிரு என்று அவனிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

"நீ வளர்த்த பையன்தானே நான்," என்றான். "நீயா இருந்தா உக்காந்து காப்பி குடிப்பியா?"

அவள் கையை விட்டாள்.

அவன் தனியாக வேகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போவதை அவள் பாறை மேல் நின்று பார்த்தாள். அவன் நெருங்கினான். நீருக்குள் இருந்தவன் முழுகவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தான். விருட்டென்று, தலை மட்டும், ஒரு தோணி நீளத்துக்கு. பிறகு நின்றான். மறுபடியும் கையை ஆட்டினான். ரெய்னோ தோணியைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனான். நீரில் இருந்தவன் மறுபடியும் விருட்டென்று நகர்ந்தான், நின்றான். நடு ஏரியை நோக்கி. ஆழத்தை நோக்கி.

லெம்பியின் மணிக்கட்டுக்குத்தான் அது முதலில் புரிந்தது. மூளைக்கு அப்புறம்தான். அவளே ஆயிரம் தடவை செய்த அசைவு அது. இழு, நிறுத்து. இழு, நிறுத்து.

"ரெய்னோ! திரும்புடா! ரெய்னோ!"

அவன் கேட்டிருப்பான். ஒரு கணம் துடுப்பை நிறுத்தித் திரும்பிக்கூடப் பார்த்தான். அந்தச் சமயத்தில் நீரில் இருந்தவன் அசையாமல் நின்றுவிட்டான். கையை ஆட்டுவதை நிறுத்தி, தோணிக்கு மிக அருகில், முகத்தை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான். ரெய்னோ குனிந்து கையை நீட்டினான்.

தண்ணீர் தெறிக்கவில்லை. தோணி சாயக்கூட இல்லை. உறையிலிருந்து கத்தியை உருவுவதுபோல் ரெய்னோ தோணியிலிருந்து உருவப்பட்டான். அவ்வளவுதான். ஏரி தட்டையாகக் கிடந்தது. பாதி முழுகின அந்த அலுமினியத் தோணியும் இல்லை.

அவள் கத்திக்கொண்டே இருந்தாள். குரல் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. சாயங்காலம் அவர்களுடைய தோணி தானாக மிதந்து வந்து தீவின் பாறையில் முட்டி நின்றது. உள்ளே துடுப்பு இருந்தது. அவசரத்தில் அவன் கையோடு கொண்டுபோன, பாதி கடித்த ரொட்டித் துண்டு இருந்தது. தரை முழுக்கக் காய்ந்திருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்த இரவை லெம்பி அடுப்புக்கு விறகு தள்ளியபடி கழித்தாள். விடிந்ததும் தோணியை இறக்கினாள். தீவிலிருந்து காட்டுப்பாதை தொடங்கும் இடம் வரை திறந்த தண்ணீர். வேறு வழி கிடையாது. போய்விட வேண்டும், பாதையில் ஓட வேண்டும், யாரையாவது கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டாள். பாதி தூரத்தில் தோணியின் அடியில் சத்தம் கேட்டது.

டக்.

அவள் துடுப்பைத் தூக்கினாள். தோணி தானாக வழுக்கிக்கொண்டு போனது. டக், டக். அவளுடைய முழங்காலுக்கு நேர் கீழே. அவள் முழங்காலை நகர்த்தினாள். தட்டலும் நகர்ந்தது. ரப்பர் பாயையும் தோணியின் மெல்லிய அடிப்பாகத்தையும் தாண்டி, விரல் நுனியளவு அழுத்தம், அவள் எங்கே மண்டியிட்டிருக்கிறாளோ சரியாக அங்கே.

அவள் தலையை நிமிர்த்தினாள். பாதை தொடங்கும் இடத்தில் ரெய்னோ நின்றுகொண்டிருந்தான்.

இடுப்பு வரை தண்ணீரில். அந்த இடம் அவ்வளவு மேடில்லை. வந்த அன்று அங்கே தோணியை இறக்கும்போது துடுப்பு முழுக்கப் போயும் தரை எட்டவில்லை, அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பழுப்பு நிறச் சட்டை, அதன்மேல் லைஃப் ஜாக்கெட், சிரித்த முகம். ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். இடம், வலம்.

"அக்கா. வா."

அவன் குரல்தான். அவனேதான்.  துடுப்பு அவளைக் கேட்காமலே தண்ணீரில் இறங்கி ஒரு தள்ளு தள்ளியது.

"அக்கா. வா."

அதே குரல், அதே ஏற்ற இறக்கம், அதே இடைவெளி. முதல் தடவை சொன்னதை அப்படியே எடுத்து மறுபடி வைத்ததுபோல்.

"எங்கடா இருந்த?" என்று அவள் கத்தினாள். "நேத்து நான் உனக்குக் காப்பிக்கு என்ன குடுத்தேன், சொல்லு! என்ன குடுத்தேன்?"

"அக்கா. வா."

அவள் தோணியைத் திருப்பினாள். தீவு வரை தட்டல் கூடவே வந்தது. அவசரமே இல்லாமல்.

அன்று பூராவும் அவள் கூடாரத்துக்குள் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உணவு இருந்தது. உதவி கேட்கும் கருவி ரெய்னோவின் ஜாக்கெட்டோடு போயிருந்தது. திரும்ப வேண்டிய நாளைக்குத் திரும்பாவிட்டால் ரெய்னோவின் குழு தேடி வரும். அதை நினைத்து முதலில் மூச்சு விட்டாள். பிறகு அந்த ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ரொட்டிக்கடையில் தினமும் பார்க்கிற முகங்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவர்கள். அவர்கள் தோணியில் வருவார்கள். தண்ணீரில் ஒருவன் கை தூக்கி நிற்பான், தங்களுடைய ரெய்னோவே நிற்பான், ஒருவர்கூடத் துடுப்பை நிறுத்த மாட்டார்கள். அதற்கப்புறம் அவளால் எதையும் நினைக்க முடியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அந்த ரெய்னோ தீவுக்கு அருகில் வந்தான். கூடாரத் துணி வழியாகவே அவளுக்குத் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று எண்ணி, காதைப் பொத்தி, கடைசியில் பார்த்தாள். ரெய்னோவின் பழுப்புச் சட்டை இப்போது ஆரஞ்சாக இருந்தது. சாதாரண ஆரஞ்சு இல்லை. அந்தக் கலங்கின சாம்பல் வெளிச்சத்திலும் தகதகவென்று எரிகிற ஆரஞ்சு. முடி மஞ்சளாக மின்னியது. உதடு சிவப்பாக இருந்தது, ரத்தச் சிவப்பு.

நிறத்தை மாற்றியிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கிலுகிலுவென்று ஒலித்தான். ஆடும்போதெல்லாம் அவன் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ உருண்டு மோதுகிற சத்தம் வந்தது. அது ஏரி முழுக்கக் கேட்டது. "அக்கா, வலிக்குது. அக்கா, வலிக்குது." ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடினான், அடிபட்டதுபோல. அவள் பொதிப்பையை வாயில் கவ்விக்கொண்டு கதறினாள். போகவில்லை. அந்தச் சத்தம் இருட்டும்வரை நிற்கவில்லை. பிறகு சட்டென்று நின்றது.

அதுதான் அவளை உலுக்கியது. ஏனென்றால் தூண்டில்காரன் சும்மா நிறுத்த மாட்டான். உட்கார்ந்து யோசிப்பான். வேறு எதைக் கட்டலாம் என்று பார்ப்பான்.

விடியற்காலையில் ஏரியைப் பனிமூட்டம் மூடியிருந்தது. பாறையின் விளிம்பே தெரியவில்லை. ஈரப் பாசியின் வாசனையும், அணைந்த அடுப்பின் சாம்பல் வாசனையும், இன்னொன்றும் வந்தது. காய்ச்சின பாலும் பவுடரும் கலந்த வாசனை. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது அவள் தோளிலேயே ஒட்டிக்கிடந்த வாசனை.

"லெம்பிக்கா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"லெம்பிக்கா, குளுருது."

பெரியவனான பிறகு அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நாக்கு சரியாகத் திரும்பாத வயதில், தூக்கத்தில் எழுந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிடுகிற குரல் அது. அவள் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தாள். திறக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வெளியே வந்தாள். செருப்பு போடவில்லை.

பாறைக்குக் கீழே, கரையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், அவன் நின்றான். மூன்று வயது. நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்காலில் சிராய்ப்பு. இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தான், தூக்கிக்கொள் என்று.

சிறியதாகக் கட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்தது. எல்லாமே தெரிந்தது. அந்தக் கண்கள் முகத்துக்கு மிகப் பெரியவை, கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வட்டம், அதில் இமையே இல்லை. வாய் முதலில் அசைந்தது. குரல் அப்புறம் வந்தது. இவ்வளவு குளிரில் அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை. குழந்தைத் தோள்கள் மெதுவாக ஆடின. இடம். வலம்.

"லெம்பிக்கா. தூக்கு."

திரும்பிப் போ என்றாள் தனக்குள். திரும்பு. உள்ளே போ. ஜிப்பை மூடு.

பாறை வழுக்கியது. அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் வீசிய பொய்மீன்களின் பின்னால் வந்த மீன்களெல்லாம், கடைசி நொடியில், இது மீன் இல்லை என்று தெரிந்துதான் வந்தனவா? தெரிந்தும்தான் வாயைத் திறந்தனவா?

"ரெய்னோ," என்றாள். "கண்ணு. அழாத."

குழந்தை ஆடுவதை நிறுத்தினான்.

அசையாமல் நின்றான். கைகளை மேலே தூக்கியபடி. காத்திருந்தான்.

தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. அவள் குனிந்தாள். கைகள் நீண்டன. அவள் கைகள்தான்.

அப்போது பனிமூட்டம் கொஞ்சம் விலகியது. குழந்தைக்குப் பின்னால், ஆழத் தண்ணீரின் மேல், அவர்கள் வரிசையாக நின்றார்கள். அலுமினியத் தோணிக்காரன். பழைய காலத்துத் தொப்பி போட்ட ஒருவன். பின்னல் நனைந்து தொங்கும் ஒரு பெண், அவள் பக்கத்தில் இரண்டு சிறுமிகள். ஆரஞ்சுச் சட்டையில் பெரிய ரெய்னோ. இமையில்லாத வட்டக் கண்கள், எல்லாம் கரையைப் பார்த்து. ஒருவரும் அசையவில்லை. பெட்டியில் அடுக்கிய பொய்மீன்கள்போல் ஆளுக்கு ஆள் ஒரே அளவு இடைவெளி. ரெய்னோவுக்குப் பக்கத்தில் மட்டும் இன்னும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.